கூடவே வந்த லோடர்

துறையூரில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடி, மஸ்கட்டில் மண் அள்ளும் குட்டி லோடர் வண்டியைக் கணினித் திரையைப் பார்த்து ஓட்டுவது செங்கமலத்தின் வேலை. அன்று அவளை அங்கே கட்டப்படும் வேறொரு கட்டடத்தின் லோடருக்கு மாற்றியிருந்தார்கள். திரையில், கொதிக்கும் வெயிலில் சிமெண்ட் மூட்டையைச் சுமந்துகொண்டு, இடது காலைச் சற்று இழுத்தபடி ஒருவர் நடந்து வந்தார். அது அவள் கணவர் மருதையன். மூன்று வருடமாக, ஸ்டோரில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றுதான் அவளிடம் சொல்லிவந்தார்.

லோடரில் பேச வழி கிடையாது. அவள் அதை அவர் முன்னால் நிறுத்தி, அதன் முன்பக்க வாளியைக் காலடியில் இறக்கினாள். அவர் தயங்கித் தயங்கி மூட்டையை அதில் வைத்தார். மண் அள்ளப் போகச் சொல்லி சூப்பர்வைசர் அவளைப் போனில் இரண்டு முறை எச்சரித்தும், வேலை முடியும்வரை லோடர் அவரை விட்டு நகரவில்லை.

சாயங்காலம் மருதையன் போன் செய்தார்.

"இன்னைக்கு ஒரு லோடரு என்னைய மூட்டை தூக்கவே விடல புள்ள! பின்னாடியே வந்துச்சு" என்று சிரித்தவர், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது புரிந்து சட்டென்று நிறுத்தினார்.

"அதை ஓட்டுனது நான்தாங்க" என்றாள் செங்கமலம்.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்:

"நாளைக்கும் வருவியா?"