தண்ணி காட்டுதல்

கத்தியைத் தீட்டி முடித்த பிறகுதான் மாமனாருக்குத் தர்ம நியாயம் ஞாபகம் வந்தது.

“தண்ணி காட்டாம அறுக்குறது மகா பாவம் மாப்பிள்ளை.”

கிடாவின் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கண் தானாகப் படகின் மூலையில் இருந்த கேனுக்குப் போய்வந்தது.

இன்ஜின் நின்று போன படகு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்தான். ஊரில் உள்ள இன்ஜினை எல்லாம் உயிர்ப்பித்துக் கொடுத்த மெக்கானிக் மாப்பிள்ளைக்குச் சொந்தப் படகின் இன்ஜின் மட்டும் மசியவில்லை. சந்தையில் கிடாவை வாங்கி அக்கரையில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டு போகிற வழியில் இந்தக் கதி. கையில் இருந்த சோறு எப்போதோ தீர்ந்துவிட்டது. இனி கிடாவை அறுத்தால்தான் இரண்டு உயிரும் நிற்கும்.

குடிக்க மிச்சம் இருந்தது அந்த ஒரே கேன்.

அதுதான் கடைசி என்று தெரிந்ததுமே, தச்சரான மாமனார் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டார். உயிர் போகிற நிலை வரும்வரை தொடுவதில்லை என்று இருவரும் சத்தியம் செய்தார்கள். மாமனார் மகள் தலை மேல் செய்தார். மாப்பிள்ளை பெண்டாட்டி தலை மேல் செய்தார். இரண்டும் ஒரே தலைதான், பாவம் அவள்.

ராத்திரியில் முறை போட்டுக் காவல் இருந்தார்கள். ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருப்பார்.

விடிந்ததும் கேனை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்கள். ஒரு சொட்டுக் குறைந்ததில்லை. இன்று காலையில் கோட்டுக்கு மேலேயே ஒரு விரல் அளவு நின்றது.

மாமனார் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நம் நேர்மைக்குக் கடவுளே அளந்து ஊற்றியிருக்கிறான் என்றார். மாப்பிள்ளை அவசர அவசரமாக ஆமாம் போட்டார்.

“கடல் தண்ணியக் காட்டினா ஆகாதா மாமா?”

“சேச்சே! சாகப் போற ஜீவனைப் போய் ஏமாத்தலாமா?”

சும்மா சொல்லக் கூடாது, வாயில்லா ஜீவன் மேல் இருவருக்கும் அத்தனை மரியாதை. கயிறு உறுத்துமே என்று கிடாவின் கழுத்தில் துண்டைச் சுற்றி, அதன் மேல்தான் கட்டியிருந்தார்கள். கத்தியையும் அதன் கண்ணில் படாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார் மாமனார்.

கேனைச் சாய்த்து டிபன் டப்பா மூடியில் கொஞ்சம் ஊற்றி நீட்டினார்.

நாக்கு வறண்டு கத்தக்கூட முடியாமல் கிடந்த கிடா, ஆவலாகக் கழுத்தை நீட்டியது. ஒரு நக்கு நக்கியது. தும்மியது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுபடியும் காட்டினார். கிடா வாயை இறுக மூடிக்கொண்டது.

தண்ணி குடிக்காத ஆட்டை எப்படி அறுப்பது? மாமனாரின் கை இறங்கிவிட்டது.

“சாவு வருதுன்னு தெரிஞ்சு போச்சு மாமா. அறிவுள்ள ஜீவன்,” என்று கால்களை விட்டார் மாப்பிள்ளை.

“அறிவுன்னா அறிவு, அப்படி ஒரு அறிவு,” என்றார் மாமனார். மூடியில் இருந்ததை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

கிடாதான் முதலில் காதை நிமிர்த்தியது. தூரத்தில் மோட்டார் சத்தம். மாப்பிள்ளை சட்டையைக் கழற்றி வீசினார். அந்தப் படகில் யாரோ பதிலுக்குக் கையை ஆட்டினார்கள். அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது.

வந்த மறு நொடியே இருவரும் கேனின் மேல் பாய்ந்தார்கள்.

“தப்பிச்சோம்னா இந்தத் தண்ணியக் கடலுக்கே காணிக்கையா ஊத்திடுறேன்னு வேண்டிக்கிட்டேன் மாப்பிள்ளை.”

“அட, நானும் அதேதான் வேண்டிக்கிட்டேன் மாமா!”

ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கவிழ்த்தார்கள். உதடு வெடித்துக் கிடந்த இரண்டு பேரும், ஒரு வாய் குடித்துவிட்டு ஊற்றலாமே என்று பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

கிடா பார்த்துக்கொண்டே நின்றது.

தண்ணீர் வந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.