இரண்டாவது கேள்வி

இலையில் உப்பு விழுவதற்குள் முதல் கேள்வி விழுந்துவிட்டது.

“எப்ப வந்த, மாப்ள?”

வலப்பக்கத்து இலையில் தங்கப்பாண்டி மாமா. இடப்பக்கத்தில் அப்பா.

“இப்பத்தான் மாமா” என்றான்.

வந்தது சித்திரையில். இது தை.

கனடாவிலிருந்து வந்தவனிடம் ஊர் இரண்டே கேள்விதான் கேட்கும். எப்ப வந்த. எப்ப போற. நடுவில் மூச்சு விடுவதில்லை.

வந்தவன் போகிறவனாக இருந்தால்தான் மரியாதை.

படிப்பு முடிந்ததும் நாடு திரும்பிவிடுவேன் என்று விசாவுக்கு உறுதி எழுதிக் கொடுத்திருந்தான். ஏஜெண்ட் சொல்லித் தந்த வாசகம். எல்லோரும் எழுதுகிற பொய்.

படிப்பு முடிகிற சமயம் அங்கே விதியை மாற்றினார்கள். அவன் படித்த படிப்புக்கு இனி வேலை அனுமதி கிடையாது.

ஒரு அரசாங்கமே மெனக்கெட்டு அவனை யோக்கியன் ஆக்கியது.

வீட்டில் பெட்டி இன்னும் கூடத்தில்தான் நிற்கிறது. கைப்பிடியில் ஏர்போர்ட்டில் சுற்றிய பட்டை. வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று அப்பா அதைக் கிழிக்க விடவில்லை.

இந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் அவன் பெயருக்குப் பக்கத்தில் கனடா என்று போட்டிருந்தார்கள். அடைப்புக்குறிக்குள்.

அவனை அங்கே வைத்திருப்பது இப்போது அந்த அடைப்புக்குறி மட்டும்தான்.

சாம்பார் வந்தது.

வழக்கமாக இரண்டாவது கேள்வி சாம்பாருக்கு முன்பே வந்துவிடும். அவன் குனிந்து சோற்றைப் பிசைவான். அப்பா பதில் சொல்வார். அடுத்த மாசம்.

எல்லா மாசமும் அடுத்த மாசம்.

மாமா அப்பளத்தை நொறுக்கினார். அந்தப் பக்கத்து ஆளிடம் மழையைப் பற்றிப் பேசினார்.

ரசம் வந்தது.

அப்பா சாப்பிடவில்லை. பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாயசம் வந்தது.

இத்தனை நாளாக எந்தக் கேள்விக்குப் பயந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தானோ, அதற்காக இப்போது காத்திருந்தான். கேட்டுவிட மாட்டாரா.

மாமா பரிமாறுகிறவரைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“மாப்ளைக்கு இன்னொரு வடை வைப்பா.”

தணிந்த குரல். துக்க வீட்டில் பேசுகிற குரல்.

வடை வந்து விழுந்தது. அவன் அதைத் தொடவில்லை.

மோர் முடிந்தது. மாமா இலையை மடித்தார். அவன் தோளில் இடது கையால் ஒரு தட்டு தட்டினார். கை கழுவப் போய்விட்டார்.

அப்பா, அவனைத் தாண்டி, அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்.

“அடுத்த மாசம்.”