லாரிக்குச் சேறு பூசியவள்

சேறு காய்ந்துவிட்டதா என்று செண்பா சுண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

காய்ந்திருந்தது.

உள்ளங்கையில் அடங்குகிற ராணுவ லாரி. பாகம் பாகமாக ஒட்டிப் பச்சைப் பெயின்ட் அடித்து முடித்தபோது புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது. வேலையே அதற்கப்புறம்தான். புதுசைப் பழசாக்க வேண்டும்.

கிழித்த ஸ்பாஞ்சில் பழுப்பைத் தொட்டு விளிம்புகளில் ஒற்றினால் பெயின்ட் பெயர்ந்தது போலாகிவிடும். சக்கரத்துக்கு நிஜ மண். போன லீவில் புருஷன் தணிகைவேலின் பூட்ஸ் அடியில் ஒட்டிக்கொண்டு வந்த மண்ணைச் சுரண்டி எடுத்து வைத்திருந்தாள். சலித்ததில் டீ வடிகட்டி நாசமாகிவிட்டது. அது காணாமல் போனதற்கு மாமியார் இன்னும் எலியைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவன் ஓட்டுவது இதே லாரிதான், மலைமேல் ரேஷன் ஏற்றிப் போகிற வண்டி. அவள் பார்த்ததில்லை. அங்கே போட்டோ எடுக்கவும் விடமாட்டார்கள். அவன் போனில் சொல்லச் சொல்லக் கேட்டதோடு சரி.

இந்த லீவும் முடிந்து இன்று சாயங்காலம் அவனுக்கு ரயில்.

ஊரார் பாராட்ட வேண்டாம். அவன் ஒருவன் பார்த்து, இது என் வண்டி என்று சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

பாதி கட்டிய பையை விட்டுவிட்டு லுங்கியோடு வந்து உட்கார்ந்தான். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். டீசல் வழிந்த கறையைப் பார்த்துத் தலையாட்டினான். சக்கரத்து மண்ணைத் தொட்டு, அவளைப் பார்த்தான்.

அவளுக்கு மூச்சு வந்தது.

அவன் விரல் இடப்பக்கக் கதவில் நின்றது.

அங்கேதான் அவள் ரொம்ப மெனக்கெட்டிருந்தாள். ஏறி இறங்கும் காலுக்குப் படி தேய்ந்திருந்தது. பிடிக்கிற கைக்குக் கதவோரம் வெளுத்திருந்தது.

"செண்பா, டிரைவர் இந்தப் பக்கமா ஏறுவான்?"

சுருக்கென்றது அவளுக்கு.

இப்படிக் குட்டி வண்டி செய்யும் வெளிநாட்டுக்காரர்களின் வீடியோ பார்த்துப் பழகிய கை. அவர்கள் ஊரில் டிரைவர் இடப்பக்கம். ஸ்டியரிங்கை ஒழுங்காக வலப்பக்கம் ஒட்டிவிட்டு, கதவை மட்டும் அவர்களைப் போலவே தேய்த்து வைத்திருக்கிறாள். வலப்பக்கக் கதவு இன்றைக்குத்தான் ஷோரூமிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

அழுகை வந்துவிட்டது. மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

"குடுங்க. பச்சை அடிச்சு மறைச்சிடறேன்."

அவன் கொடுக்கவில்லை. வெளுத்த கதவோரத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினான்.

"இது இருக்கட்டும். மலையில தனியா ஓட்டறப்ப, பக்கத்து சீட்டுல யாரு உக்காந்து பேசிட்டு வர்றதுன்னு நினைச்ச?"

அவள் நிமிர்ந்தாள்.

அவன் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கிழித்தான். பழுப்பைத் தொட்டுக்கொண்டு, லாரியின் வலப்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினான்.

"எப்படி ஒத்தணும், காட்டு. என் கதவ நான் பாத்துக்கறேன்."