பிள்ளை பிடிக்க வந்தவள்

மூன்று நாளாக அந்தப் பெண் புளியந்தோப்பு அரசுத் தொடக்கப்பள்ளி வாசலில் நின்று, வீட்டுக்குக் கிளம்பும் பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தாள். தலைமை ஆசிரியை மகிமா வாசலுக்கு விரைந்தாள். போன வருஷம் தனியார் பள்ளி ஆட்கள் இப்படித்தான் வந்து பன்னிரண்டு பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். இன்னும் நாலு பேர் குறைந்தால் பள்ளியையே மூடிவிடுவார்கள்.

"யாரும்மா நீ? எந்த ஸ்கூல்லேந்து அனுப்புனாங்க?"

"யாரும் அனுப்பல மேடம். நான் எழில்மொழி. பக்கத்துத் தெரு இங்கிலீஷ் மீடியத்துல டீச்சரு."

"நெனச்சேன்! எங்க பிள்ளைங்கள விட்டுடும்மா."

"ஐயோ மேடம், எங்கிட்ட அறுபது பசங்க. நோட்டுல டிக் போடத்தான் நேரம் கீது. இங்க ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்துல டீச்சரே திருத்தி எழுதிக்கீறாங்க. எம்பொண்ணுக்கு ஒண்ணாங்கிளாஸ்ல எடம் கெடைக்குமா?"