ஊர் சுற்றிய கசெட்

"மலர், இப்ப நான் குயின் ஸ்ட்ரீட் தொடங்கிற இடத்தில நிக்கிறன். முன்னால கடல். பக்கத்தில ஃபெரிக்குப் போற பழைய கட்டடம், எழுபது வருசத்துக்கு மேல இருக்கும். சோக்கான கட்டடம்."

தியாகலிங்கம் டேப் ரெக்கார்டரை நிறுத்தினார். ஆக்லாந்தைக் கால்நடையாகச் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கென்று அச்சடித்த இலவச வரைபடம் முன்சாமியின் கையில் இருந்தது. அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டு போனால் போதும், வழிகாட்டி வேண்டாம்.

"அடுத்தது எங்க?"

"நேரா மேல அண்ணே. ரெண்டு பக்கமும் கடை. அப்புறம் லெஃப்ட்ல மேடு, ஆல்பர்ட் பார்க்."

இருவருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை, மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரே வாடகை வீடு. முன்சாமி ஃபிஜியில் பிறந்தவர். அவருடைய தமிழ், பாட்டன் கப்பலில் கொண்டுவந்தது, இன்னும் நன்றாகவே ஓடியது.

இந்தச் சுற்றுலாவுக்குக் காரணம் தியாகலிங்கத்தின் மனைவி இராசமலர். யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பிய கசெட்டில் அவள் கறாராகச் சொல்லியிருந்தாள்: "ரெண்டு வருசமா வேலை, அறை, வேலை எண்டுதான் சொல்லுறியள். ஊரைப் பற்றி ஒரு சொல் இல்லை. விசா வந்திட்டுது எண்டதுக்காகப் பெரியாஸ்பத்திரி வேலையை விட்டுட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வரேலாது. நான் அங்க வந்து கஷ்டப்படுவனோ எண்டு பெரியண்ணையும் யோசிக்கிறார். நாலு இடத்தை நடந்து பார்த்துச் சொல்லுங்கோ. பிடிச்சால் வாறன். இல்லாட்டி நீங்கள் இஞ்ச வாங்கோ."

1986ஆம் ஆண்டு அது. ஷெல் விழுகிற ஊரில் அவள் இன்னும் ஒரு மாதம்கூட இருக்கக்கூடாது என்பது தியாகலிங்கத்தின் முடிவு. ஆனால் இராசமலர் சொன்னால் சொன்னதுதான்.

அவர் மறுபடி பொத்தானை அழுத்தினார். "நடக்கிறன் மலர்."

முன்சாமியின் பூட்ஸ் டக் டக்கென்று விழுந்தது.

"எங்கட கஸ்தூரியார் வீதியை விட அகலமான ரோட்டு. ஆனால் ஒருத்தரும் ஹோர்ன் அடிக்கிறேல்லை."

யாரோ ஒருவர் திரும்பிப் பார்த்தார். தமிழைக் கேட்டால் அப்போதெல்லாம் அங்கே அப்படித்தான் பார்ப்பார்கள்.

சில்லு கிரீச்சிட ஒரு தள்ளுவண்டி வந்து நின்றது. வெள்ளைக்கார அம்மா ஒருத்தி சிரித்தபடி கோப்பையை நீட்டினாள்.

"கேட்டியோ? இந்த ஊரில வண்டியில கொண்டுவந்து தேத்தண்ணி குடுக்கினம். காசும் வாங்கேல்லை. அவ்வளவு நல்ல சனம்."

முன்சாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தியாகலிங்கம் அவரை முறைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"இனி மேடு." பூட்ஸ் மெதுவாகியது. தியாகலிங்கமும் மூச்சை இழுத்து விட்டார். "பார்க் வந்திட்டுது. பூவாலயே நேரம் காட்டுற ஒரு மணிக்கூடு செய்து வச்சிருக்கினம். உனக்குப் பிடிக்கும். நடுவில ஃபவுண்டன்."

தண்ணீர் சளசளவென்று கொட்டியது. அதைக் கொஞ்ச நேரம் பதியவிட்டார்.

"உண்மையாச் சொல்லுறன் மலர், இது மனிசர் இருக்கக்கூடிய ஊர். இரவில நிம்மதியா நித்திரை கொள்ளலாம். நீ வந்தால் எல்லா இடமும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவன். நீ வா."

குரல் தழுதழுத்தது. அந்த இடத்தை அழிக்காமலே விட்டார்.

அப்போது கணீர் கணீரென்று மணி அடித்தது. "அது டவுன் ஹோல் மணிக்கூடு," என்று அவசரமாகச் சொல்லிக் கசெட்டை நிறுத்தினார்.

"நான் கிளம்புறேன் அண்ணே," என்றார் முன்சாமி. "நாளைக்கே போஸ்ட் பண்ணிடுறேன். அண்ணி வந்துடுவாங்களா?"

"வருவா. வரவேணும்."

பதில் கசெட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதைக் கொண்டுவந்த முன்சாமி, போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடவிட்டார்.

"இஞ்சாருங்கோ," என்றது இராசமலரின் குரல். "பெரியண்ணைக்கும் கசெட்டைப் போட்டுக் காட்டினன். அருமையான ஊராம், யோசிக்காமல் போகச் சொல்லிட்டார்."

தியாகலிங்கம் முன்சாமியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பெரியண்ணை அப்பாவி. ரோட்டிலயும் மேட்டிலயும் பார்க்கிலயும் உங்கட குரல் ஒரே இடத்திலயிருந்துதான் வருது. நடக்கிற சப்பாத்துச் சத்தந்தான் போய்ப் போய் வருது. ஃபவுண்டன் எண்டியள், அது கை கழுவுற பேசினுக்குள்ள விழுற பைப்புத் தண்ணி. கடைசியா அடிச்சது டவுன் ஹோல் மணியில்லை, நோயாளரைப் பார்க்க வந்த ஆக்களை வெளிய போகச் சொல்லி அடிக்கிற மணி. பதினெட்டு வருசமா வார்ட்டில நானே அடிக்கிறனான், எனக்குத் தெரியாதே?"

முன்சாமி மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேலையை விடுறதுக்கு எழுதிக் குடுத்திட்டன். டிக்கெட்டும் போட்டாச்சு. பூ மணிக்கூட்டை ரெண்டு பேரும் பிறகு ஆறுதலாப் பார்ப்பம். இப்ப எந்தக் கால் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

கட்டிலுக்கு மேலே கம்பியில் தூக்கிக் கட்டியிருந்த தன் மாவுக்கட்டைத் தியாகலிங்கம் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதுக் கசெட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினார்.

"வலது," என்றார்.