அந்த ஒருத்தர்

"இவன் படிக்க வர்றவன் இல்ல தனு. அள்ளிட்டுப் போக வர்றவன்" என்றான் நிரஞ்சன், மடிக்கணினியை மனைவியின் பக்கம் திருப்பி.

தனுஷா எட்டிப் பார்த்தாள். திரை நிறைய இலக்கங்கள். அவன் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் ஒரே இலக்கம்.

"யாருங்க இது?"

"பேர் தெரியாது. வீட்டுக்கு நம்பர் இருக்கிற மாதிரி ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு நம்பர். இது யட்டவத்தப் பக்கமா இருக்கணும். ஒன்னோட தளத்துக்குத் தெனமும் வர்றது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் எட்டிப் பாத்துட்டு ஓடிருது."

தொண்டையில் சத்திரசிகிச்சை செய்த பிறகு தனுஷாவின் குரல் வகுப்பறையின் முதல் வரிசையைத் தாண்டவில்லை. வேலையை விட்டுவிட்டு மாத்தளை வீட்டில் இருந்தபடியே சாதாரண தரப் பரீட்சைக்கான கணிதத்தைப் பாடம் பாடமாகத் தமிழில் எழுதி இணையத்தில் போட்டு வந்தாள். ஒவ்வொரு பாடத்தையும் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் நடக்காது. இப்போது, முதன்முறையாக, அங்கே யாரோ இருக்கிறார்கள்.

"ஒருத்தராவது வர்றாரே" என்றாள். "அது போதுங்க எனக்கு."

"முழுசாக் கேளு. இந்த ஆள் ஒவ்வொரு பாடத்தையும் ஒரே ஒருதரம்தான் தெறக்கிறான். திரும்பி வர்றதே இல்ல. வட்ட நாற்பக்கல் கணக்க ஒருதரம் வாசிச்சுப் புரிஞ்சுக்கிறவன் எங்கயாவது இருக்கானா? நீ எனக்கு எத்தன தரம் சொல்லிக் குடுத்த?"

"ஒங்களுக்கு இன்னமும் புரியல. அது வேற விசயம்."

நிரஞ்சன் சிரிக்கவில்லை. "போன வருசம் நடந்தத மறந்துட்டியா?"

மறக்கவில்லை. யாரோ ஒரு டியூஷன்காரர் அவளுடைய பாடங்களை அப்படியே எடுத்து, தன் பெயரைப் போட்டுப் புத்தகமாக விற்றார். இன்னொரு தடவை அப்படி நடந்தால் எழுதுவதையே விட்டுவிடுவேன் என்று அன்றைக்கு அழுதுகொண்டே சொன்னவள் அவள்தான்.

கிடைத்த ஒரே வாசகர் திருடர் என்றால், இனி யாருக்காக எழுதுவது?

"சரி" என்றாள் கடைசியில். "பூட்டுங்க."

அந்த இலக்கத்திலிருந்து யார் வந்தாலும் உள்ளே விடக்கூடாது என்று நிரஞ்சன் கட்டளை எழுதினான். பாதி எழுதியிருந்த அடுத்த பாடத்தை தனுஷா அன்று தொடவில்லை.

மறுநாள் காலை தொலைபேசி அடித்தது. அவள் குரல் அடுத்த பக்கம் கேட்காவிட்டால் எடுத்துச் சொல்வதற்காக நிரஞ்சன் எப்போதும் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பான்.

"தனுஷா டீச்சரா? நான் இப்ஹாம், யட்டவத்தையில இருந்து. ஒங்கட தளத்துல கீழ இந்த நம்பர் இருந்திச்சி. இன்டைக்கு எடுக்கிற பாடம் தெறக்குதில்லையே டீச்சர். அனுமதி இல்லன்டு வருது."

நிரஞ்சன் முந்திக்கொண்டான். "தெனமும் பாடத்த எடுக்கிறது நீங்கதானா?"

"ஆமா சேர், நான்தான்."

"ஒவ்வொண்ணையும் ஒரே ஒருதரம்?"

"ஒருதரம் எடுத்தாப் போதும்தானே? பிறகு எங்கட பக்கமே இருக்கும்."

'பாத்தியா?' என்பதுபோல் நிரஞ்சன் கையை விரித்தான். "எடுத்து என்ன செய்றீங்க? அச்சடிச்சு விக்கிறீங்களா?"

"விக்கிறதா? அல்லாவே, என்ன கத இது! சேர், மொதல்ல தெறந்து விடுங்க. நேரம் போகுது. பிறகு எவ்வளவு வேணுமின்டாலும் ஏசுங்க, கேட்டுக்கிறேன்."

"அப்படியெல்லாம் தெறக்க ஏலாது."

தனுஷா திரையைப் பார்த்தாள். அந்த இலக்கத்தை அவள் இதற்குள் மனப்பாடம் செய்திருந்தாள்.

"தெறந்து விடுங்க" என்றாள்.

"தனு, யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுட்டேன். எல்லாரும் எட்டிப் பாத்துட்டுப் போனப்ப, இந்த ஒருத்தர் மட்டுந்தான் ஒரு பாடமும் விடாம வந்தாரு. அவரு என்ன செஞ்சாலும் செய்யட்டும். அவருக்கு நான் கடன்பட்டிருக்கேங்க."

நிரஞ்சன் விசைகளைக் கோபத்தோடு தட்டி, பூட்டை எடுத்தான். "இப்ப பாருங்க" என்றான் தொலைபேசியிடம்.

மறுமுனையில் விசை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, எங்கோ தூரத்திலிருந்து ஒரு சிறுமியின் குரல்:

"தெறந்திட்டு சேர்!"

"எனக்கும்!"

"எனக்கும் வந்திட்டு சேர்!"

"டேய் தள்ளுடா, மறைக்குது!"

நாற்காலிகள் இழுபட்டன. ஒரு குரல் அடங்குவதற்குள் இன்னொரு குரல் எழுந்தது. தனுஷா எண்ணத் தொடங்கி, எண்ண முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சத்தம் போடாதீங்க புள்ளைகள், டீச்சர் லைன்ல ஈக்கிறாங்க!" இப்ஹாம் அதட்டிவிட்டுத் திரும்பினார். "கோவிக்காதீங்க டீச்சர். எங்கட ஸ்கூல் லேபுக்கு ஒரே ஒரு லைன்தான், அதுவும் சரியான ஸ்லோ. அதனால லைன் உள்ள வாற எடத்துல ஒரு மெஷின் வச்சிருக்கேன். அது ஒங்கட பாடத்த ஒருதரம் வாங்கி வச்சிக்கிட்டு, எல்லாப் புள்ளைகளுக்கும் குடுக்கும். வெளிய இருந்து பாத்தா அத்தன பேருக்கும் ஒரே நம்பர்தான். அது சரி, யாரோ ஒருத்தர் மட்டுந்தான் ஒரு பாடமும் விடாம வந்தார்ன்டு சொன்னீங்களே, அது யாரு டீச்சர்?"