பதினெட்டுப் பவுண் கட்டுரை

“நெடுந்தீவில எங்கெங்க நல்ல தண்ணி வருமெண்டு நீங்கள் முந்தி எழுதின கட்டுரை வேணும், சேர்” என்று மனோகரி வேலணையில் என் வீடு தேடி வந்து கேட்டாள். நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள்.

“என்னட்டைப் பிரதி இல்லைப் பிள்ளை. லண்டன் சஞ்சிகைக்காரர் எழுதினவனுக்கே சும்மா தரமாட்டினம். பதினெட்டுப் பவுண் கேப்பினம். எங்களால ஏலாது, விடும்.”

மூன்று மாதம் கழித்து அவள் கட்டுரையோடு வந்து நின்றாள். ஜேர்மனியில் இருக்கும் தமையன் காசு கட்டி எடுத்து அனுப்பியிருந்தான்.

“உங்களுக்கும் ஒண்டு கொண்டந்தனான், சேர்.”

முதல் பக்கத்தில் என் பெயரைப் பார்க்கவே கூசியது.

“கிணறு வெட்டத் தொடங்கியிட்டியளோ?”

“ஓம் சேர். நீங்கள் படத்தில குறிச்ச மூண்டு இடத்திலையும் சனம் கல்லை உடைச்சு வெட்டிப்போட்டுது. மூண்டிலும் உப்புத் தண்ணி.” அவள் தலையைக் குனிந்தாள். “நாங்கள்தான் பிழையா அளந்துபோட்டம். சேர் எழுதினது பிழைக்காது. நாலாவது இடத்தை நீங்களே வந்து காட்டவேணும்.”

நான் அலுமாரியைத் திறந்து, முப்பது வருடமாகப் பூட்டி வைத்திருந்த என் பிரதியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

“உங்களிட்டை இருந்ததோ! ஏன் சேர் இல்லையெண்டு சொன்னனீங்கள்?”

“அவ்வளவு காசு குடுத்து ஒருத்தரும் வாங்க மாட்டினமெண்டு நிம்மதியா இருந்தனான். இதை எழுதின வருசம் கடல் சரியான கொந்தளிப்பு, பிள்ளை. எனக்கு வள்ளத்தில ஏறப் பயம். நான் இண்டைவரைக்கும் நெடுந்தீவில கால் வைச்சதில்லை.”